நிரப்பாமல் விட்ட கூப்பன்

நீங்கள் கொடுத்த தாளில் பின்கோடு எழுத இடம் இல்லை, மேடம். பெயர், கணவர் பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் இருக்கிறது. பின்கோடு மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அது இல்லாவிட்டால் தபால் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வந்து சேரும். ஓரத்தில் நானே எழுதியிருக்கிறேன். லோகநாயகி, வயது நாற்பத்து நான்கு, சிதம்பரம் மேலவீதி ஜவுளிக்கடையில் பில் கவுன்டர்.

நடந்ததை நேற்று வாயால் சொன்னேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் அதை எழுதிப் படித்துக் காட்டினார். ‘மேற்படி நபர்’, ‘அறியாமையால்’ என்றெல்லாம் போட்டிருந்தார். அறியாமை என்று நான் சொல்லவே இல்லை. அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று தாள் கேட்டு வாங்கினேன். யாரும் என்னை மிரட்டவில்லை, டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. மறைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடைக்குக் கூப்பன் வந்தது 2006ஆம் வருஷம் ஆடித் தள்ளுபடியில். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருப்பது பெரிய கடை, நாங்கள் கிளை. அன்றிலிருந்து வருஷம் முழுக்க, ஐந்நூறு ரூபாய்க்குத் துணி எடுத்தால் ஒரு கூப்பன். அதில் பெயர், கதவு எண், தெரு, ஊர், போன் நம்பர், பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் எழுத வேண்டும். பொங்கல் முடிந்ததும் குலுக்கல். முதல் பரிசு பைக், இரண்டாவது பிரிட்ஜ், அதற்குப் பிறகு ஐம்பது பேருக்கு ஆறுதல் பரிசாக ஹாட்பாக்ஸ். ஜனங்களுக்குப் பரிசு விழுகிறதோ இல்லையோ, முதலாளிக்கு மாவட்டம் முழுக்க விலாசம் கிடைத்துவிடும். பிறந்த நாளுக்கு வாழ்த்து அட்டை போகும், கல்யாண நாளுக்கு எஸ்.எம்.எஸ். போகும், பின்னாலேயே ஆளும் கடைக்கு வந்துவிடும்.

கேட்டு வாங்குவது லேசான வேலை இல்லை. மற்ற கவுன்டர்களில் இருக்கிற பெண்கள் ‘போன் நம்பர் சொல்லுங்க’ என்பார்கள். உடனே எதுக்கு என்று கேள்வி வரும். நான் அப்படிக் கேட்க மாட்டேன். பேனாவைக் கட்டத்தில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் ‘தொண்ணூத்தி நாலு’ என்று நானே ஆரம்பித்து நிறுத்திவிடுவேன். மீதி எட்டு எண்ணையும் அவர்களே கடகடவென்று சொல்லிவிடுவார்கள். கல்யாண நாளைப் பெண்டாட்டியிடம் கேட்கக் கூடாது, புருஷனிடம் கேட்க வேண்டும். அவன் தப்பாகச் சொல்வான், அவள் திருத்துவாள், அந்தச் சிரிப்பிலேயே பிள்ளைகளின் பிறந்த நாளும் வந்துவிடும். வக்கீல் சொல்லியிருக்கிறார், வாத்தியார் சொல்லியிருக்கிறார், உங்கள் ஸ்டேஷன் ஏட்டு சொல்லியிருக்கிறார். மூன்று வருஷமும் முழுதாக நிரம்பிய கூப்பன்களில் சிதம்பரம் கிளைதான் முதலிடம். கடலூரில் எல்லோர் முன்னாலும் முதலாளி என் கையில் ஒரு குத்துவிளக்கு கொடுத்தார்.

அப்படியிருக்கும்போதுதான் 2009 ஜூனில், பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், அவள் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஒரு பெண் குழந்தை. இரண்டு செட் யூனிஃபார்ம், ஒரு உள்பாவாடை, தனக்கு ஒரு நூல்சேலை. அவளுக்குப் பின்னால் சனிக்கிழமைக் கூட்டம் வரிசை கட்டி நிற்கிறது. நான் வழக்கம்போல ‘தொண்ணூத்தி நாலு’ என்றேன். பேனா கட்டத்திலேயே நின்றது. நிமிர்ந்து பார்த்தால் அவள் பையை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“கூப்பன் வேணாங்க்கா. பில்லு மட்டும் குடுங்க, போதும்.”

பைக் விழலாம் என்றேன். வேண்டாம் என்றாள். சரி, பெயரையாவது சொல் என்றேன். தலையை ஆட்டினாள். இந்த மாதிரி ஆட்களுக்குப் பிள்ளைதான் சாவி. குனிந்து, பாப்பா பெயர் என்ன என்று கேட்டேன். அந்தக் குழந்தை வாயைக் கையால் மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க” என்றது.

வரிசையில் நின்ற காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். ஒருத்தன், அக்காவுக்கே அல்வா கொடுத்துட்டாங்கடா என்றான். மேனேஜர் இளவரசுகூடத் தன் மேஜையிலிருந்து பார்த்துச் சிரித்தார். அவள் கூப்பனை என் பக்கம் தள்ளிவிட்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இது ஒரு விஷயமா என்பீர்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரே சொல்கிறது, இவளுக்கு மட்டும் என்ன பெரிய ரகசியம் என்று மனசு அடங்கவே இல்லை. கோபம்தான். அதை வேறு பெயர் சொல்லிப் பூச வேண்டாம்.

அந்தக் கூப்பனை நான் கிழிக்கவில்லை. நம்பர் 4417. டிராயரில் நாப்தலின் உருண்டை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். நிரப்பாத கூப்பன் ஒன்று என் கையில் நின்றதே இல்லை, அதற்காகத்தான் வைத்தேன். அப்போது வேறு எந்த எண்ணமும் கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஆடித் தள்ளுபடிக்கு ஒரு சிநேகிதியோடு வந்தாள். அந்தச் சிநேகிதி ஜெயராணி எனக்குத் தெரிந்தவள். அண்ணாமலை நகரில் மாணவர்களின் ஆய்வேட்டை டைப் அடித்து பைண்டிங் போட்டுக் கொடுக்கிற கடையில் வேலை செய்கிறாள். இவளும் அங்கேதான் டைப் அடித்துக்கொண்டிருந்தாள் என்று அன்று தெரிந்தது. ஜெயராணி துணிக் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து, ‘எழிலு, இந்தக் கலரப் பாருடி’ என்று கூப்பிட்டாள். ஜெயராணியிடம் பேச்சுவாக்கில் முழுப் பெயரை வாங்கி, 4417இல் எழிலரசி என்று பென்சிலால் எழுதினேன். அன்றும் கூப்பன் வேண்டாம் என்றுதான் போனாள். நான் வற்புறுத்தவில்லை.

செப்டம்பரில் அவள் டிரையல் ரூமுக்குள் இருந்தபோது குழந்தை வெளியே கண்ணாடி முன்னால் நின்றது. பிறந்த நாளுக்குக் கடையில் பலூன் தருவோம், என்றைக்கு என்று மட்டும் சொல், பெயர் வேண்டாம் என்றேன். பெயரைத்தானே சொல்லக் கூடாது. குழந்தை யோசித்துப் பார்த்துவிட்டு, காந்தி தாத்தா பொறந்த நாளுக்கு மறுநாள் என்றது. பிறந்த நாள் கட்டத்தில் அதையே எழுதிக்கொண்டேன். அக்டோபர் மூன்றாம் தேதி அது வந்து கேட்கும் என்று ஒரு பலூன் எடுத்து வைத்திருந்தேன். வரவில்லை.

போன் நம்பர் இன்னும் சுலபம். எங்கள் கடைக்கு மூன்று கடை தள்ளி ரீசார்ஜ் கடை இருக்கிறது. பணம் ஏற்றுகிறவர்கள் அவரவர் நம்பரை அங்கே கிடக்கிற நோட்டில் எழுத வேண்டும். நோட்டு எல்லோருக்கும் தெரியும்படி திறந்தேதான் கிடக்கும். அவள் எழுதிவிட்டு நகர்ந்ததும் நான் போய் எனக்குப் பத்து ரூபாய் ஏற்றிக்கொண்டேன். என் நம்பருக்கு நேர் மேலே அவளுடையது. என்னிடம் சொல்ல மாட்டாளாம், அந்த அழுக்கு நோட்டில் எழுதுவாளாம்.

விலாசத்துக்குத்தான் நடக்க வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. பின்தொடர்ந்தாயா என்று கேட்டீர்கள். அவள் போன வழியில் நானும் போனேன், அவ்வளவுதான். ரயில்வே கேட்டைத் தாண்டி, மாணவர்கள் தங்குகிற லாட்ஜ்கள் இருக்கிற சந்துக்குள், ஒரு மாடி வீட்டின் பின்புறம் ஒற்றை அறை. கதவில் பச்சை பெயின்டில் எண் இருந்தது. வாசலில் சின்னச் செருப்பு ஒன்றும் பெரிய செருப்பு ஒன்றும். குடையை விரித்துக்கொண்டு எண்ணை இரண்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

தீபாவளிக்கு முந்தின நாள், ஒரு கட்டம் தவிரக் கூப்பன் பூர்த்தியாகிவிட்டது. பென்சிலுக்கு மேல் பேனா ஓட்டினேன். அன்று எனக்கு இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது. குலுக்கல் பெட்டியில்கூட அதைப் போடவில்லை. தினமும் ஒருமுறை டிராயரைத் திறந்து பார்ப்பேன். கல்யாண நாள் கட்டம் மட்டும் காலி. அதை நிரப்ப ஆள் டிசம்பரில் வந்தான்.

அவன் பெயர் சிங்காரம். ஊர் காடாம்புலியூர். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறை ஏறிய விரல்கள். சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு கல்யாணப் போட்டோவை எடுத்துக் கவுன்டரில் வைத்தான். மாலையும் கழுத்துமாக அவள்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, கடலூர், நெய்வேலி, விருத்தாசலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, துணி எடுக்காமல் எவளும் இருக்க முடியாது, அதனால் ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாக ஏறி இறங்குகிறேன் என்றான். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெட்டையான ஆள், அப்படியே நின்று அழுதான்.

மேடம், இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு மங்கலம்பேட்டையில் கல்யாணம் நடந்தது. அவர் பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர் போனார். ஒரு லெட்டர் வந்தது, அதற்குப் பிறகு இல்லை. நான் சிதம்பரத்துக்கு வந்தது 1998இல். அன்றிலிருந்து ஒரே வீடு. மழைக்கு ஒழுகுகிற வீடு, வீட்டுக்காரர் வாடகையை எத்தனையோ தரம் ஏற்றிவிட்டார், நான் மாறவில்லை. மாமியார் வீட்டில், போஸ்ட் ஆபீஸில், பழைய தெருவில் எல்லாம் விலாசம் எழுதிக் கொடுத்து வைத்திருக்கிறேன். தேடிக்கொண்டு வந்தால் தட்டுப்படாமல் போய்விடக் கூடாதே என்றுதான். பன்னிரண்டு வருஷத்தில் என் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கடைப் படியையும் யாரும் ஏறவில்லை. இவளுக்கு ஒருத்தன் அழுதுகொண்டு வந்து நிற்கிறான், இவள் கதவைச் சாத்திக்கொண்டு பின்கட்டில் இருக்கிறாள்.

ஆனாலும் நான் விதியை மீறவில்லை. வாடிக்கையாளர் விவரத்தை வெளியே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று முதலாளியின் உத்தரவு இருக்கிறது. அதைத்தான் அவனிடம் சொன்னேன். அவன் போட்டோவைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். இதுதான் கடைசி ஊர், இனிமேல் அலைய முடியாது என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான். நான்தான் கூப்பிட்டேன்.

“பொங்கல் முடிஞ்சதும் எங்க குலுக்கல் லிஸ்ட் லோக்கல் சேனல்ல ஓடும். உங்க ஊர்லயும் தெரியும். பாத்துக்கிட்டு இருங்க.”

கடையின் போன் நம்பர் அச்சடித்த பில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். கல்யாண நாள் என்றைக்கு என்று கேட்டேன். சொன்னான். அவ்வளவுதான் பேச்சு. இதில் எந்த விவரம் வெளியே போனது என்று நீங்களே சொல்லுங்கள்.

பைக்குக்கும் பிரிட்ஜுக்கும்தான் பெட்டிக்குள் கைவிட்டுக் குலுக்குவார்கள். ஆறுதல் பரிசு ஐம்பதையும் நாங்களே ஒரு கூப்பன் கட்டிலிருந்து உருவி எழுதுவோம். மூன்று வருஷமாக அப்படித்தான், இளவரசு கையெழுத்து மட்டும் போடுவார். பட்டியலில் நாற்பத்தொன்றாவது பெயராக எழிலரசியை எழுதினேன். விலாசம் முழுதாகப் போட வேண்டும் என்பதும் முதலாளியின் உத்தரவுதான். இல்லாவிட்டால் கடைக்காரன் சொந்தக்காரர்களுக்கே கொடுத்துக்கொண்டான் என்று ஊர் பேசும். ஜனவரி பதினெட்டாம் தேதியிலிருந்து லோக்கல் சேனலில் அடிவரியாகப் பெயர்கள் ஓடின. ஐம்பத்திரண்டு பேரில் ஐம்பத்தொரு பேருக்குச் சந்தோஷம்.

மறுநாள் கடை திறந்த உடனே அவள் வந்துவிட்டாள். வீட்டுக்காரம்மா டி.வி. பார்த்துவிட்டு, உனக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். காலில் செருப்பு இல்லை. கவுன்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, என் பேர எடுத்துடச் சொல்லுங்க. அந்த ஆளு பாத்தான்னா என்ன உசுரோட வுடமாட்டான். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

யார் எழுதியது என்று அவள் கேட்கவே இல்லை. அதைக் கேட்பாள் என்று ஒரு பதில் வைத்திருந்தேன். கடலூருக்கு எழுதித்தான் எடுக்க முடியும், ஒரு லெட்டர் கொடு, பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும் என்று வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள். டைப் அடிக்கிறவள் அல்லவா, வரி கோணவில்லை. எழுதி முடித்து, எப்ப எடுப்பாங்க என்று கேட்டாள். இரண்டு நாளில் என்றேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு இந்த வாரமே ஊரை விட்டுப் போய்விடுகிறேன் என்றாள். அப்போதும் எந்த ஊர் என்று சொல்லவில்லை.

அவள் போனதும் அந்த லெட்டரையும் 4417ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கதவு எண், தெரு, போன் நம்பர் எல்லாம் ஒத்துப்போனது. ஒரு எழுத்துகூட நான் தப்பாக எழுதியிருக்கவில்லை.

சேனல் நடத்துகிற லூர்துசாமியை எனக்குத் தெரியும். கவுன்டர் போனிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டால் அஞ்சு நிமிஷத்தில் அந்தப் பெயரை எடுத்திருப்பார். நான் கூப்பிடவில்லை. லெட்டரைக் கடலூருக்கு அனுப்பவும் இல்லை. அது டிராயரில் இருந்ததைத்தான் நீங்கள் எடுத்தீர்கள். மறந்துவிட்டேன் என்று நேற்று ரைட்டரிடம் சொன்னேன். மறக்கவில்லை. திருத்திக்கொள்ளுங்கள்.

இருபதாம் தேதி மத்தியானம் காடாம்புலியூரிலிருந்து கடைக்கு வந்த போனைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நாலு நிமிஷம் பேசியதாக உங்கள் தாளில் இருக்கிறதாம். இருக்கும். பேசியது சிங்காரம். டி.வி.யில் எழுத்து ரொம்ப வேகமாக ஓடுகிறது, பெயரும் தெருவும்தான் பிடிபட்டது, கதவு எண் பிடிபடவில்லை என்றான். ஏற்கெனவே ஊரறிய ஓடிக்கொண்டிருக்கிற விஷயம், அதில் மறைக்க என்ன இருக்கிறது. எண்ணை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். பின்புறம் பச்சைக் கதவு என்பதையும் சொன்னேன். அது இல்லாவிட்டால் மாடி வீட்டுக்காரர்களைத் தொந்தரவு செய்வான். கவுன்டரில் எண் எதுவானாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்வேன், பழக்கம். அவனையும் சொல்லச் சொன்னேன். கடைசி எண்ணைத் தப்பாகச் சொன்னான். திருத்தினேன். இந்த வாரமே ஊரை விட்டுப் போகப் போகிறாள் என்பதையும் சொன்னேன்.

மறுநாள் காலையில் அந்த அறையில் நடந்தது எனக்குத் தெரியாது. போட்டோக்கள் உங்களிடம் இருக்கின்றன. அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள் என்று ஜெயராணி கடை வாசலில் நின்று சொன்னாள். குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பித்தது. அது இப்போது கடலூரில் ஒரு விடுதியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அவன் கொல்லுவான் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். குடும்பம் ஒன்று சேரட்டும் என்றுதான் செய்தேன் என்று நேற்று சொன்னேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிசம்பரில் அவன் சொன்ன ஒன்றை நான் விட்டுவிட்டேன். போட்டோ பழசு, ஆள் இளைத்திருப்பாள், அடையாளம் சொல்கிறேன் என்று சொன்னான். இடது காது மடல் கிழிந்து தையல் போட்டிருக்கும் என்றான். எப்படிக் கிழிந்தது என்று கேட்டேன்.

“கோவத்துல கம்மலப் புடிச்சி இழுத்துட்டேன்” என்றான்.

மச்சம் இருக்கிறது என்று சொல்வது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னான். அந்தத் தையலை நான் ஜூன் மாதத்திலேயே பார்த்திருந்தேன். கவுன்டரில் அவள் தலையைத் திருப்பியபோது, இரண்டடி தூரத்தில். ஆகவே அறியாமை என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துதான் படியிலிருந்து அவனைத் திரும்பக் கூப்பிட்டேன். அவள் பயந்தது நிஜம் என்று தெரிந்துதான் லெட்டரை டிராயரில் வைத்தேன். கதவு எண்ணைப் படித்ததும் தெரிந்துதான்.

கை வைத்தது நான் இல்லை, சட்டம் என்ன சொல்கிறதோ சொல்லட்டும். ஆனால் நான் கெட்டவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எத்தனை ஆயிரம் பேருடைய விலாசம் என் கையில் இருந்தது, அவர்களில் ஒருவருக்காவது என்னால் ஒரு கெடுதல் வந்ததா என்று விசாரித்துப் பாருங்கள். கேட்டதும் சொன்னவர்களுக்கு நான் எப்போதும் நல்லவளாகத்தான் இருந்திருக்கிறேன். எழிலரசியும் அன்றைக்கே என்னை நம்பிச் சொல்லியிருந்தால், உயிர் போனாலும் நான் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.